பாலத்தடி ஜட்ஜ்

காலை ஆறரை மணிக்கு ஜட்ஜ் தன் இடத்தில் இல்லை.

ஆர்லன் ட்வைட் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் வயிற்றை மடித்துத் தொங்கியபடி கீழே பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். வடக்குப் பக்கம் நின்று பார்த்தான், தெற்குப் பக்கம் ஓடி வந்து பார்த்தான். பாறை இருந்தது. பாறைக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் கொப்பளிக்கும் குழி இருந்தது. குழியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜட்ஜ் மட்டும் இல்லை.

ஜட்ஜ் என்பது ஒரு மீன். பழுப்பு ட்ரௌட். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்து, எதிரில் நிற்பவன் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆர்லன் அப்படிப் பெயர் வைத்தான். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால்.

அன்றிலிருந்து ஆர்லனின் பிழைப்பு ஜட்ஜின் முதுகில்தான் ஓடியது. ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் விஸ்கான்சினில் படகு வைத்திருக்கிறவன் எல்லாம் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற கைடு. சிகாகோவிலிருந்து பல் டாக்டர்களும் வக்கீல்களும் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத தொப்பியோடு வந்து இறங்குவார்கள். மற்ற கைடுகள் அவர்களுக்கு ஆற்றைக் காட்டினார்கள். ஆர்லன் மீனையே காட்டினான். ஆகஸ்டு வெயிலில் ஆறு முழுக்க வெந்நீர் மாதிரி ஆகி, ட்ரௌட்டெல்லாம் மூச்சு முட்டி எங்கெங்கோ ஒதுங்கினாலும் பாலத்தடி ஊற்றுக்குழி மட்டும் ஜில்லென்று இருக்கும். ஜட்ஜ் அங்கே இருப்பார். இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டியது. அவர் கடித்ததும் வலையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியது. பிறகு குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரித் திரும்ப விட்டுவிட வேண்டியது. அடுத்த வாரம் அடுத்த பல் டாக்டர்.

"அவரைக் கொல்லணும்னா முதல்ல என்னைக் கொல்லணும்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்வான். வந்தவர்களுக்குக் கண் கலங்கும்.

இந்த வசந்தத்தில் ஹார்னெல் ஊர் நூலகத்தில் 'ஒரு மீனும் நானும்' என்று ஒன்றரை மணி நேரம் பேசினான். பதினாறு பேர் வந்தார்கள். முடியும்போது ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் தூங்கிவிட்டதால் எழுந்து போக முடியாதவர்கள். அந்தப் பேச்சு எப்படியோ பாஸ்டனில் ஒரு பெரிய தூண்டில் பத்திரிகையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு மெரிடித் கால்டர் என்கிற அம்மாள் நேரில் வருகிறாள். அட்டைப்படக் கட்டுரை. தலைப்பை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள்: 'மீனின் மனம் அறிந்த மனிதன்'.

மனிதன் இருந்தான். மீனைத்தான் காணோம்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. மனைவி டோரீனைக் கேட்கலாமா என்று இன்னொரு யோசனை. டோரீன் தொலைபேசியில் வாடிக்கையாளர்களைப் பிடிப்பாள், சாண்ட்விச் கட்டித் தருவாள், நாற்றமடிக்கிற ரப்பர் கால்சட்டைகளை அலசிப் போடுவாள். ஆற்றுப் பக்கம் வந்தால் கொசுவைத் தவிர எதையும் பார்க்கமாட்டாள். அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"ஒரு ட்ரௌட்டுதானே," என்று ஆர்லன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிக்கப்பைக் கிளப்பினான். பதினோரு வருஷத்தில் அவன் ஜட்ஜை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபது நிமிஷ தூரத்தில் ஷூல்டின் குளம் இருக்கிறது. பிறந்தநாளுக்குக் குழந்தைகளைக் கூட்டிவந்து மீன் பிடிக்க வைக்கிற இடம். ஷூல்ட் கொட்டகையில் மாடு கறந்துகொண்டிருந்தார். 'நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், காசை டப்பாவில் போடுங்கள்' என்று பலகை தொங்கியது. ஆர்லன் சுற்றுமுற்றும் பார்த்தான். தெரிந்தவர் யாரும் இல்லை. தன் மூங்கில் கோலை எடுத்து, தானே கட்டிய பொய்ப்பூச்சியை மாட்டி, இருபது கஜம் வீசினான். பூச்சி இறங்கியதில் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

குளத்து மீன்கள் கூட்டமாக வந்து அதைப் பார்த்தன. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் புதிதாக ஒரு கீரையை வைத்தால் பிள்ளைகள் பார்க்கிற பார்வை. பார்த்துவிட்டுப் போய்விட்டன. பிறந்ததிலிருந்து ஷூல்ட் கைப்பிடியாக அள்ளிப் போடுகிற உருண்டைத் தீனியைத் தின்ற மீன்கள் அவை. பூச்சி என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது.

ஆர்லன் பூச்சியை மாற்றினான். ஏழு தடவை மாற்றினான். ஏழே முக்கால் ஆயிற்று. கடைசியில் மூங்கில் கோலை வண்டியில் போட்டுவிட்டு, கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் தூண்டிலை எடுத்தான். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் உபயோகிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. முள்ளில் ஒரு மக்காச்சோள மணியைக் குத்திக் கரையோரமாகப் போட்டான்.

போட்ட கையோடு மாட்டியது. பெரிய மீன். நீளம் ஜட்ஜேதான். ஆனால் தூக்கியபோதுதான் தெரிந்தது, அது வானவில் ட்ரௌட். இரண்டு விலாவிலும் செவுள் முதல் வால் வரை பளபளவென்று ரோஜா நிறக் கோடு. ஜட்ஜுக்கு யாரோ லிப்ஸ்டிக் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

"நாலடி ஆழத்துல யாருக்குத் தெரியப் போகுது," என்று சொல்லிக்கொண்டே ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அதை உள்ளே விட்டான்.

எட்டரைக்குப் பாலத்துக்குத் திரும்பி வந்தபோது அங்கே ஒரு பச்சை வண்டி நின்றிருந்தது. லூஆன் பெக், எங்கள் மாவட்டத்து மீன் காவல் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாட்டுக் குழுவில் டோரீனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். ஆர்லன் ஐஸ் பெட்டியை இறக்கி அணைத்துப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பது மரம் என்கிற மாதிரி அவளைத் தாண்டி நடந்தான்.

"என்ன ஆர்லன், பெட்டி துள்ளுது?"

"ஐஸ்."

"ஐஸுக்கு வால் முளைச்சு இப்பதான் பாக்கறேன். திற."

திறந்தான். லூஆன் எட்டிப் பார்த்தாள். மீன் அவளைப் பார்த்தது.

"உயிரோட இருக்கற மீனை ஒரு தண்ணியிலேர்ந்து எடுத்து இன்னொரு தண்ணியில விடக்கூடாது. அதுக்கு அனுமதிச் சீட்டு வேணும். இத்தனை வருஷமா கைடா இருக்கே, உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"விடறதுக்கா? யாரு சொன்னா? இது சாப்பாட்டுக்கு."

"உயிரோடயா?"

"டோரீனுக்கு மீன் புதுசா இருந்தாத்தான் இறங்கும்."

"டோரீனுக்கா? தேவாலயத்துல வெள்ளிக்கிழமை மீன் வறுவல் போடறப்போ அவ தட்டுல உருளைக்கிழங்கைத் தவிர ஒண்ணும் இருக்காதே!"

"இப்பல்லாம் சாப்பிடறா. டாக்டர் சொல்லிட்டார்."

லூஆன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப சரி. சாப்பாட்டு மீன்தானே? இங்கயே அடிச்சுடு. பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"இங்கயா?"

"பாலத்து மேல அடிக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

பதினோரு வருஷமாக ஆர்லன் ஒரு ட்ரௌட்டைக்கூடக் கொன்றதில்லை. அதற்கென்று ஒரு ஆயுதமும் அவனிடம் இல்லை. வண்டியிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து வந்தான். பெட்டிக்குள் கைவிட்டுப் பிடித்தான். மீன் வழுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்து, பாலத்துத் தாரில் படார் படாரென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று. ஆர்லன் முழங்காலில் ஊர்ந்து துரத்தினான். முதல் அடி தாரில் விழுந்தது. இரண்டாவது அடி அவன் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவதாக இரண்டு கையாலும் ஸ்பானரைத் தலைக்கு மேல் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லி அடித்தான். அது சரியாக விழுந்தது.

நிமிர்ந்தபோது எதிரில் ஒரு கார். காரை ஒட்டி, நரைத்த பின்னலும் தொப்பி நிறையப் பொய்ப்பூச்சியுமாக உயரமான ஒரு அம்மாள். இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள். கழுத்தில் காமிரா தொங்கியது. ஆனால் அதைத் தொடக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"மிஸ்டர் ட்வைட்?"

"ஆமா. வாங்க, வாங்க." ஆர்லன் ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "இது... வந்து... கருணைக் கொலை. பாவம், மீனுக்கு உடம்பு சரியில்ல."

லூஆன் சாய்ந்திருந்த வண்டியை விட்டு நிமிர்ந்தாள். "உடம்பு சரியில்லையா? என்ன நோய்?"

"சும்மா... பொதுவா..."

"பொதுவால்லாம் கிடையாது. நோய் மீன்னா ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். முடிவு வர்ற வரைக்கும் பாலத்துக்கு மேல ஒரு மைல், கீழ ஒரு மைல், யாரும் தூண்டில் போடக்கூடாது. மூணு வாரம் ஆகும். வழியை மறிச்சுக் கட்ட நாடா எடுத்துட்டு வர்றேன்."

சொன்னபடி வண்டியிலிருந்து மஞ்சள் நாடாச் சுருளை எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஆர்லனுக்கு வியர்த்தது. மூன்று வாரம் என்றால் மிச்சமிருக்கிற சீசன் முழுவதும் போயிற்று.

"நோய் இல்ல லூஆன்! உடம்புன்னா அந்த உடம்பு இல்ல. குணம்! குணம்தான் சரியில்ல."

"குணமா?" என்றாள் மெரிடித். அவள் கை தானாகக் குறிப்பேட்டைத் தேடியது.

"இது ஒரு ரவுடிங்க. வெளியூர் மீன். மூணு நாளா ஜட்ஜை அவரோட இடத்துல நிக்க விடல. துரத்தித் துரத்திக் கடிச்சுது. அவர் வயசு என்ன, அனுபவம் என்ன! எத்தனை நாள்தான் நான் பாத்துக்கிட்டு நிக்கறது?"

மெரிடித் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கண்ணில் ஈரம்.

"அவருக்காக நீங்க கொலை பண்ணியிருக்கீங்க."

"பண்ண வேண்டியதாப் போச்சு," என்றான் ஆர்லன், தலையைக் குனிந்துகொண்டு.

"அந்த ஐஸ் பெட்டி எதுக்கு?" என்று லூஆன் கேட்டாள்.

"முதல்ல கொஞ்ச நேரம் தனியா வெச்சுப் பாத்தேன். திருந்துமான்னு."

லூஆன் சட்டென்று திரும்பி ஆற்றைப் பார்த்து நின்றாள். வெகுநேரம் நின்றாள். தோள்கள் குலுங்கின. கடைசியில் நாடாவை வண்டிக்குள் எறிந்துவிட்டு, முகத்தைக் காட்டாமலே, "சாயங்காலமா இந்தப் பக்கம் வர்றேன்," என்று சொல்லிக் கிளம்பினாள். போகும்போது அவள் தொலைபேசியை எடுத்து யாரையோ கூப்பிடுவது தெரிந்தது. மேலிடத்துக்குப் புகார் சொல்கிறாள் என்று ஆர்லன் முடிவு கட்டினான்.

"எங்கே அவர்?" என்று மெரிடித் கம்பியில் சாய்ந்து கீழே தேடினாள்.

"ஒளிஞ்சிருக்கார். இந்த மாதிரி அனுபவத்துக்கப்புறம் உடனே வெளிய வருவாரா? நாலு மணிக்கு மேல வருவார்."

"நாலு மணிக்கா? ட்ரௌட்டுக்குக் காலை நேரம்தானே நல்லது? தண்ணி குளிர்ச்சியா இருக்குமே."

"மத்த ட்ரௌட்டுக்கு. ஜட்ஜுக்கு வியாழக்கிழமைன்னா கொஞ்சம் சோம்பல்."

"அவருக்குக் கிழமை தெரியுமா?"

ஒரு பொய்யைச் சொன்னபின் நிறுத்திக்கொள்கிற பழக்கம் ஆர்லனுக்குக் கிடையாது. "வியாழக்கிழமைதான் பால் லாரி பாலத்து மேல போகும். அந்த அதிர்வை வெச்சுக் கணக்குப் பண்ணுவார்."

மெரிடித் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

நாலு மணி வரை அவளை எங்காவது வைத்திருக்க வேண்டும். படகில் ஏற்றிக் கீழாற்றுக்குக் கூட்டிப்போனான். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாகவும் சோம்பலாகவும் ஓடும். ட்ரௌட் வராத அந்தத் தண்ணீரில் சின்னவாய் பாஸ் என்கிற மீனுக்குக் கொண்டாட்டம். பச்சை உடம்பு, சிவப்புக் கண், குத்துச்சண்டைக்காரன் மாதிரி ஆத்திரம். ஆர்லனுக்கு அந்த மீனைப் பிடிக்காது. அதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை, அதைப் பற்றி யாரும் நூலகத்தில் பேசக் கூப்பிடுவதில்லை. ஆனால் அன்றைக்கு அது மட்டும்தான் அவன் மானத்தைக் காப்பாற்றியது. மெரிடித் ஐந்து மீன் பிடித்தாள். ஐந்தாவது மூன்று தடவை ஆகாயத்துக்குப் பாய்ந்து, அவள் தொப்பியைத் தட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு வலைக்கு வந்தது. அவள் சின்னப் பெண் மாதிரிச் சிரித்தாள்.

"இதைப் பத்தியே எழுதலாம் போலிருக்கே!"

"சேச்சே," என்றான் ஆர்லன் பதறிப்போய். "இது சும்மா பாஸ். மனசு கிடையாது."

அதனால் ஜட்ஜின் மனதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியதாயிற்று. ஜட்ஜுக்கு வக்கீல்களைப் பிடிக்காது. பனிக்காலத்தில் அவருக்கு மனச்சோர்வு வரும். ஆர்லனின் காலடிச் சத்தம் கேட்டால் வாலை இரண்டு தடவை ஆட்டுவார், வேறு யாருக்கும் ஆட்டமாட்டார். டோரீன் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே இதையெல்லாம் சொன்னான். மெரிடித் தின்ன மறந்து எழுதினாள்.

"உங்க மனைவிக்கும் அவரைப் பழக்கமா?"

"டோரீனா?" ஆர்லன் வாய்விட்டுச் சிரித்தான். "அவளுக்கு ட்ரௌட்டுக்கும் பழைய செருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. நல்லவ. ஆனா இதெல்லாம் ஒரு கொடுப்பினைங்க."

"சாண்ட்விச் அபாரம்."

"அது வரும் அவளுக்கு."

மூன்று மணிக்கு அவன் துடுப்பைத் திருப்பியபோது, அத்தனை பேச்சுக்கும் அடியில் ஒரு பயம் குளிர்ந்து கிடந்தது. நாலு மணிக்குக் குழி காலியாக இருக்கும். அப்போது என்ன சொல்வது? ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல முடியாது. யோசித்து யோசித்து, பாலம் கண்ணுக்குத் தெரிகிற வளைவில் வந்தபோது ஒரு வழி கிடைத்தது. ஜட்ஜ் செத்துப்போய்விட்டால்? ரவுடி மீன் கடித்த காயம். வீர மரணம். காணாமல் போன மீன் என்றால் சிரிப்பார்கள், செத்துப்போன மீன் என்றால் அழுவார்கள். கட்டுரை இன்னும் நன்றாகவே வரும். கல்லில் பெயர் வெட்டிப் பாலத்தடியில் வைக்கலாம். பல் டாக்டர்கள் கல்லோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

துடுப்பைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன? என்ன ஆச்சு?" என்று மெரிடித் எழுந்தேவிட்டாள். படகு ஆடியது.

"தெரியலங்க. உள்ளுக்குள்ள ஏதோ அறுந்த மாதிரி இருக்கு. அவருக்கு என்னமோ..." குரல் நடுங்கியது. ஆர்லனுக்குத் தன் நடிப்பைக் கண்டு தனக்கே அழுகை வந்தது. "அந்தப் படுபாவி கடிச்ச கடி சும்மா விடல போலிருக்கு."

கரையில் இறங்கிக் குழியோரம் போனதும் அவன் தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை. பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"போயிட்டார்," என்றான். "பதினோரு வருஷம். ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்ல. மனுஷங்ககிட்ட இல்லாத ஒரு கண்ணியம் அவர்கிட்ட இருந்துது. எங்கயோ ஒரு தெளிஞ்ச தண்ணியில—"

"மிஸ்டர் ட்வைட்."

"—எங்கயோ ஒரு தெளிஞ்ச தண்ணியில அவர் இப்ப—"

"மிஸ்டர் ட்வைட், அப்ப அது யாரு?"

ஆர்லன் கண்ணைத் திறந்து திரும்பினான்.

பாறைக்குப் பின்னால், ஊற்று கொப்பளிக்கிற இடத்தில், மூக்கை நீரோட்டத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, ஒரு பழுப்பு ட்ரௌட் நின்றது. முழங்கை நீளம். வளைந்த தாடை. எவன் சொல்வதையும் நம்பாத அதே முகம்.

ஆர்லன் முழங்கால் அளவு தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தொப்பி மிதந்து போயிற்று. இந்தத் தடவை வந்தது நிஜமான கண்ணீர். மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. ஒரு வானவில் ட்ரௌட்டைக் கொண்டுவந்து அவர் இடத்தில் வைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"வந்துட்டார்," என்றான். "எனக்காகத் திரும்பி வந்துட்டார்."

அன்றைக்கு அவன் மனதார நம்பிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மெரிடித் வீசினாள். மூன்றாவது வீச்சில் மீன் கடித்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வலைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

"ரொம்பச் சாதுவா வந்துட்டாரே?"

"வயசாச்சுல்ல. அதோட காலையில பட்ட பாடு."

ஒரு டஜன் படம் எடுத்தாள். ஆர்லன் மீனை நீரில் தாங்கிப் பிடித்து, அதன் காதில் விழுகிற மாதிரி ஏதோ முணுமுணுத்து விட்டுவிட்டான். அது போய்ப் பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டது. வாலை ஆட்டவில்லை.

இருவரும் பாலத்துக்கு ஏறி வந்தபோது டோரீனின் வண்டி அங்கே நின்றிருந்தது. அவள் ஓரமாக வண்டிப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

"டோரீன்! ஜட்ஜ் வந்துட்டார்!" என்று ஆர்லன் கத்தினான்.

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்றாள் டோரீன்.

"பாத்தீங்களா?" என்று ஆர்லன் மெரிடித்திடம் கிசுகிசுத்தான். "அவளுக்கு அவ்வளவுதான்."

மெரிடித் காமிராவின் சின்னத் திரையையும், கட்டுரைக்கென்று ஆர்லன் அனுப்பியிருந்த பழைய படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? போன வருஷப் படத்துல கண்ணுக்குப் பின்னாடி மூணு புள்ளி இருக்கு. இன்னிக்கு அஞ்சு இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் புள்ளியே இல்ல. பழுப்பு ட்ரௌட்டுக்குப் புள்ளி நம்ம கைரேகை மாதிரி, மாறாதுன்னு சொல்வாங்களே."

"யாரு சொல்வாங்க? புத்தகத்துல படிச்சவங்க சொல்வாங்க." ஆர்லனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நமக்கு முடி நரைக்கல? முகத்துல சுருக்கம் விழல? அவருக்குப் புள்ளி வருது, போகுது."

"அதோட, இந்த அளவுக்கு வளர்ந்த மீன் அதுக்கு மேல பதினோரு வருஷம் இருக்கறதுன்னா... நான் கேள்விப்பட்டதில்ல."

"அதனாலதானே நீங்க பாஸ்டன்லேர்ந்து வந்திருக்கீங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. மெரிடித் பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் லூஆனின் பச்சை வண்டி வந்து நின்றது. ஆர்லன் அதைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ஜட்ஜ் திரும்பி வந்தாயிற்று, இனி எந்த அதிகாரி என்ன செய்ய முடியும்?

"கடைசிக் கேள்வி," என்றாள் மெரிடித். "இதை அப்படியே அச்சுல போடப் போறேன், அதனால யோசிச்சுச் சொல்லுங்க. பதினோரு வருஷமும் இது ஒரே மீன்தானா?"

ஆர்லன் வலது கையை நெஞ்சில் வைத்தான். கட்டைவிரல் வீங்கிக் கருத்திருந்தது.

"அம்மா, கூட்டத்துல என் பொண்டாட்டியைக்கூட ஒருவேளை நான் அடையாளம் தெரியாமத் தவறவிடலாம். ஜட்ஜை ஒருக்காலும் விடமாட்டேன். எழுதிக்குங்க."

மெரிடித் எழுதினாள். டோரீன் ஆப்பிளின் கடைசித் துண்டை மென்று விழுங்கிவிட்டு, விதையை ஆற்றில் துப்பினாள்.

லூஆன் கையில் ஒரு காகிதக் கட்டோடு வண்டியிலிருந்து இறங்கி, ஆர்லனையும் மெரிடித்தையும் தாண்டி நேரே டோரீனிடம் போய்ப் பேனாவை நீட்டினாள்.

"டோரீன், உனக்கு வருஷத்துக்கு ஒரு ஜட்ஜை ஆத்துல விடத்தான் அனுமதி குடுத்திருக்கு, மே மாசத்து ஜட்ஜைக் கணக்குல எடுத்தா மத்தியானம் நீ விட்டது ரெண்டாவது, அதனால இந்தா, இதுக்குத் தனியா ஒரு கையெழுத்துப் போட்டுடு."